ஒரு பட்டைக்கு இரண்டு வேலை

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பழைய பெருஞ்சாலையில், செமோர் பக்கம் சாலை விளக்குக்காக நிற்க நேர்ந்தால் தார்ப்பரப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டயர்கள் விட்டுப்போன கறுப்புத் தடங்கள் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, கரிக்கட்டையால் ஒரே இழுப்பில் இழுத்ததுபோன்ற கோடு. மற்றது விட்டு விட்டுப் போகும். ஒரு சாண் கறுப்பு, பிறகு வெறும் தார், மறுபடி ஒரு சாண் கறுப்பு என்று தையல் இயந்திரம் ஓடிய மாதிரி.

கந்தான் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து கல்லும் சிமெண்டும் ஏற்றிப்போகும் லோரிகள் காலியாகத் திரும்பும்போது அவசரமாகப் பிரேக் பிடித்தால் இந்தத் தையல் விழும். பத்து டன் சுமைக்காகச் செய்யப்பட்ட வில், காலி வண்டியின் எடையை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. சக்கரம் பந்துபோலக் குதிக்கிறது. இதே தையலை வேறொரு வண்டியும் போடும், ஆனால் நிற்கும்போது அல்ல, கிளம்பும்போது. பின்சக்கரம் இழுக்கும் பழைய டத்சுன், எஸ்கார்ட், கொரோலா வகைக் காரில் கொஞ்சம் பெரிய எஞ்சினைப் பூட்டி, பச்சை விளக்கு விழுந்ததும் கிளட்ச்சைத் 'டக்'கென்று விட்டுப் பாருங்கள். முன்னால் பாய்வதற்குப் பதில் வண்டியின் பின்பக்கம் கடகடவென்று அடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவரின் பல்லும் சேர்ந்து அடித்துக்கொள்ளும்.

தடத்தை அளந்தால் ஒரு கணக்குப் போடலாம். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்குச் சரியாக 10 மீட்டர். ஒரு கறுப்பின் தொடக்கத்திலிருந்து அடுத்த கறுப்பின் தொடக்கம்வரை ஒரு மீட்டர் இருந்தால், சக்கரம் நொடிக்கு 10 தடவை குதித்திருக்கிறது. காரின் அச்சும் சக்கரமும், டயர் என்கிற காற்றுப் பந்தின்மேல் இயல்பாக ஆடும் வேகமும் ஏறக்குறைய இதே அளவுதான், நொடிக்குப் பத்து முதல் பதினைந்து தடவை. தையலின் இடைவெளியில் இருக்கும் அந்த வெறும் தாரில் எஞ்சினின் உழைப்பு எதுவும் சாலைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த நேரத்தில் டயர் சாலையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அமெரிக்காக்காரர்கள் எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கனத்த காரில் திணித்து 'மசில் கார்' என்று பெயர் வைத்த 1960களில், அவர்களுடைய பொறியாளர்களின் தலையைத் தின்ற சிக்கலும் இதுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிடிமானத்தின் முதல் பாடத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மழை பெய்த செம்மண் ஏற்றத்தில் ரப்பர்ப் பால் லோரி ஏற மறுத்துப் பின்சக்கரம் சும்மா சுழலும். "எல்லாரும் பின்னால ஏறி நில்லுங்க!" என்று தண்டல் சத்தம் போடுவார். பத்துப் பேர் ஏறி, அச்சுக்கு நேர்மேலே நின்றால் லோரி நகரும். டயருக்கும் தரைக்கும் நடுவே உண்டாகும் பிடி, டயரின்மேல் இருக்கும் எடையைப் பொறுத்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. உலர்ந்த தாரில் நல்ல டயருக்கு, மேலே இருக்கும் எடையில் 80 முதல் 90 சதவீதம் வரை இழுவையாகக் கிடைக்கும். ஈரச் செம்மண்ணில் அதில் பாதிகூடக் கிடைக்காது.

ரப்பர் விஷயத்தில் ஒரு சின்ன வம்பு உண்டு. எடையை இரண்டு மடங்காக்கினால் பிடி இரண்டு மடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் கூடுகிறது. ரப்பர் கல்லைப்போலவோ இரும்பைப்போலவோ உராய்வதில்லை. சாலையின் சொரசொரப்புக்குள் அமுங்கி, ஒட்டி, இழுபட்டு, தாமதமாகப் பழைய உருவத்துக்குத் திரும்பும் பொருள் அது. அதனால் 800 கிலோவை இரண்டு பின்சக்கரங்களும் நானூறு நானூறாகச் சுமந்தால் கிடைக்கும் மொத்தப் பிடி, ஒன்று 500, இன்னொன்று 300 என்று சுமந்தால் கிடைப்பதைவிட அதிகம். இதை மறந்துவிடாதீர்கள், வலப்பக்கச் சக்கரத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். செமோரிலிருந்து வடக்கே கோலகங்சாருக்கு 1877இல் வந்து சேர்ந்த ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் வாரிசுகளின் பாலை எடுத்து உலகத்துக்கே டயர் போட்ட மண் இது. டயரின் குணத்தைப் பற்றி இங்கே பேச யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி வில்லுக்கு வருவோம். மலாய்ப் பட்டறைகளில் இதன் பெயர் 'ஸ்பிரிங் டாவுன்'. டாவுன் என்றால் இலை. இலைமேல் இலை அடுக்கினதுபோல எஃகுப் பட்டைகளை, நீளமானது மேலே, குட்டையானது கீழே என்று அடுக்கி நடுவில் ஓர் ஆணியால் கோத்திருப்பார்கள். பட்டைவில் என்றே நான் சொல்கிறேன். குதிரை வண்டிக் காலத்துச் சரக்கு இது. 1804இல் ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர் இரண்டு வில்களை எதிரெதிராகச் சேர்த்து முட்டை வடிவில் வண்டிக்குப் பொருத்தக் காப்புரிமை வாங்கினார். இருநூறு ஆண்டு கழிந்தும், செம்பனைக் குலை ஏற்றும் லோரியும் தோட்டத்து மேலாளரின் ஹைலக்ஸும் பின்பக்கம் இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஏன் ஒரே தடித்த பட்டையாகச் செய்யாமல் பலவாக அடுக்க வேண்டும்? வீட்டில் ஒரு கனத்த பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்து வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளையும், ஓரத்தில் தாள்கள் படிப்படியாக விலகி நிற்கும். இப்போது இரண்டு ஓரங்களையும் இடுக்கிகளால் இறுக்கிக் கவ்விவிட்டு வளையுங்கள். புத்தகம் அட்டைப் பலகைபோல மறுக்கும். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. கனத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு, ஆனால் மெல்லிய இரண்டு பட்டைகளைத் தனித்தனியாக வழுக்கவிட்டு அடுக்கினால் இரண்டே மடங்கு. கனத்த ஒற்றைப் பட்டை அதே அளவு வளைந்தால் அதன் மேற்பரப்பு அதிகமாக இழுபட்டு விரிசல் விடும். மெல்லிய பல பட்டைகள் நிறைய வளைந்தும் பிழைக்கும். போதாக்குறைக்கு, அவை ஒன்றோடொன்று உரசுவதில் ஆட்டமும் கொஞ்சம் அடங்குகிறது. நம்மவர்கள் பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் பூசிப் பயணத்தை மெத்தென்று ஆக்குவார்கள். அந்த உரசலும் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரியவரும்.

ஆனால் இந்த வில்லின் பெரிய கெட்டிக்காரத்தனம் சுமை தாங்குவதில் இல்லை. பின் அச்சு ஒரு நீளமான இரும்புக் குழாய். நடுவில் டிஃபரன்ஷியல், இரண்டு முனையிலும் சக்கரம். அதை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னே பின்னே நகரவிடக் கூடாது, பக்கவாட்டில் போகவிடக் கூடாது, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளவிடக் கூடாது, மேலும் கீழும் மட்டும் விட வேண்டும். ஹென்றி ஃபோர்டு 1908இல் தொடங்கிய மாடல் டி காரில் இந்த வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். எடையைத் தாங்க குறுக்கே ஒரு வில், அச்சை முறுக்காமல் பிடிக்க டிரைவ் ஷாஃப்டைச் சுற்றி ஒரு கனத்த குழாய், இழுத்துப் பிடிக்கச் சாய்கம்பிகள். ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுத் தொழிற்சாலையின் பெயரால் வழங்கும் இன்னொரு அமைப்பு அந்தக் குழாயையும் கம்பிகளையும் தூக்கி எறிந்தது. காரின் நீளவாக்கில் இரு பக்கமும் பட்டைவில்லை வை, அதன் முன்முனையை உடலோடு ஆணியடி, பின்முனையைச் சிறு ஊஞ்சலில் தொங்கவிடு, நடுவில் அச்சை 'யு' போல்ட்டால் கட்டு, முடிந்தது கதை. சுமை தாங்குவதும் அச்சைப் பிடிப்பதும் ஒரே பட்டையின் தலையில். சிக்கனம் என்றால் இதுதான் சிக்கனம். ஃபோர்டு நிறுவனமே 1949ஆம் ஆண்டு மாடலில் இதற்கு மாறிவிட்டது. மலாயாவின் தெருவெங்கும் ஓடிய மோரிஸ் மைனர், அதற்குப் பின்வந்த எஸ்கார்ட், டத்சுன் 1200, 120ஒய், இந்தியாவின் அம்பாசடர் எல்லாவற்றின் பின்பக்கமும் இந்த அமைப்புதான்.

ஒரே ஆளுக்கு இரண்டு வேலை கொடுத்தால் என்ன ஆகும்? சம்பளம் மிச்சம். ஆனால் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வரும் நாளில் இரண்டுமே கெடும்.

ஒரு கனத்த காரை எடுத்துக்கொள்வோம். எடை 1600 கிலோ, முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.74 மீட்டர். முதல் தலைமுறை மஸ்டாங்கும் கமேரோவும் கிட்டத்தட்ட இந்த நீளம். இழுவை சக்கரத்துக்கு வரும்போது, சக்கரம் முன்னோக்கிச் சுழல்வதற்கு எதிர்வினையாக அச்சுக் குழாய் பின்னோக்கிச் சுழலப் பார்க்கும். அதாவது டிஃபரன்ஷியலின் மூக்கு வானத்தைப் பார்க்கக் கிளம்பும். நல்ல டயர் நழுவும் முன் இந்த முறுக்கு 2500 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் போகலாம். அதைத் தடுத்து நிறுத்த அந்தப் பட்டைகளைத் தவிர வேறு ஆள் கிடையாது. வில்லின் நீளம் 1.3 மீட்டர் என்று வைத்தால், இரு பக்கத்து முன்முனைகளும் சேர்ந்து உடலை ஏறத்தாழ 200 கிலோ வலுவோடு மேலே தள்ளும், பின்முனைகள் அதே வலுவோடு கீழே இழுக்கும். முன்பாதி திடீரென்று கூடுதல் சுமை ஏறியதுபோல் அமுங்கும், பின்பாதி சுமை இறங்கியதுபோல் நிமிர்ந்து வளையும். பக்கத்திலிருந்து பார்த்தால் வில் வில்லாக இருக்காது, அலையாக இருக்கும்.

இப்படி முறுக்கேறிய பட்டை ஒரு கடிகாரச் சுருள் மாதிரி. சக்தியைச் சேர்த்து வைத்திருக்கிறது. டயரின் பிடி ஒரு கட்டத்தில் விட்டுப்போகிறது. பிடி விட்ட உடனே அச்சை முறுக்க எதிர்வினை இல்லை. சேர்த்து வைத்த முறுக்கு ஒரே வீச்சில் அவிழ்கிறது, டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே அடிக்கிறது, அந்த ஆட்டத்தில் டயர் மறுபடி சாலையைக் கவ்வுகிறது. கவ்வியதும் மறுபடி முறுக்கு, மறுபடி நழுவல். வயலின் வில் தந்தியை இழுப்பதும் இதே வித்தைதான். வில் தந்தியைப் பிடித்து இழுக்கும், தந்தி ஓர் எல்லையில் நழுவித் திரும்பும், திரும்பவும் பிடிபடும். கச்சேரியில் அது நாதம். காரின் பின்பக்கம் அது யூ-ஜாயின்ட்டையும் அச்சுத்தண்டையும் ஒடிக்கும் சம்மட்டி. ஆங்கில மோரிஸ் காலத்து மெக்கானிக்குகள் இதற்கு 'அச்சு மிதிப்பு' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கால்மாற்றிக் கால்மாற்றி மிதிப்பதுபோலவே இருக்கும் என்பதால் பெயர் பொருத்தமானதே.

செவ்ரோலே நிறுவனம் 1967ஆம் ஆண்டு மாடலாகக் கமேரோவை வெளியிட்டபோது பின்பக்கம் ஒற்றைப் பட்டை வில்லைப் போட்டது. கனம் குறைவு, விலை குறைவு, உரசல் இல்லாததால் சத்தமும் குறைவு. உரசல் இல்லாததால் ஆட்டத்தை அடக்கவும் ஆள் இல்லை. சாதாரண எஞ்சினில் குறை தெரியவில்லை, பெரிய எஞ்சினில் பின்பக்கம் குதிக்கத் தொடங்கியது. வேகமான வகைகளில் வலப்பக்கம் ஒரு தடுப்புக் கம்பியைச் சேர்த்துச் சமாளித்தார்கள். அடுத்த ஆண்டே, 1968இல், வேகமான வகைகளுக்குப் பல பட்டை வில் வந்தது. அதோடு மிக எளிமையான ஒரு மாற்றமும் வந்தது. இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் அச்சின் ஒரே பக்கத்தில் வைக்காமல், ஒன்றை அச்சுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் சாய்த்து வைத்தார்கள். அச்சு தன்னைத்தானே முறுக்கினால் ஒரு ஷாக் நீளும், மற்றது சுருங்கும், இரண்டும் சேர்ந்து முறுக்கை அடக்கும். ஃபோர்டும் தன் வலுவான மஸ்டாங்குகளில் இதையே செய்தது. புதிய பாகம் ஒன்றுகூட இல்லாமல், இருந்த பாகத்தை இடம் மாற்றித் தீர்த்த இந்த வைத்தியம்மீது எனக்கு ஒரு தனி மரியாதை.

பலருக்கு இருக்கும் ஒரு தவறான நம்பிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். கிளம்பும்போது காரின் பின்பக்கம் எவ்வளவு பதிகிறதோ அவ்வளவு எடை பின்சக்கரத்துக்குப் போகிறது என்று பட்டறையில் அடித்துச் சொல்வார்கள். கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் ஒரே எடையுள்ள வண்டியில் பின்னால் சாயும் எடை மூன்றே மூன்றைப் பொறுத்தது. வண்டி எவ்வளவு வேகமாக வேகமெடுக்கிறது, எடையின் நடுமையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம். நம் 1600 கிலோ கார், புவியீர்ப்பில் பாதி அளவுக்கு வேகமெடுத்து, நடுமையம் 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 160 கிலோ முன்னிருந்து பின்னுக்கு மாறும். வில்லை மெத்தென்று வைத்தாலும் 160, இரும்புக் கட்டையாக வைத்தாலும் 160. பேருந்து கிளம்பும்போது நிற்கிறவர்கள் பின்னால் சாய்கிறார்கள். இருக்கை பஞ்சோ பலகையோ, சாயும் விசை மாறுவதில்லை.

அப்படியானால் வில்லை மாற்றி என்ன பயன்? எவ்வளவு எடை என்பதை அல்ல, எப்போது, எவ்வளவு சீராக என்பதை மாற்றலாம். கிளட்ச் விட்ட முதல் கால் நொடியில் எடை இன்னும் பின்னால் வந்துசேர்ந்திருக்காது, எஞ்சினின் முறுக்கு மட்டும் வந்துவிட்டிருக்கும். டயர் நழுவுவது அங்கேதான். நழுவினால் வேகமெடுப்பு குறையும், அதனால் பின்னால் வரும் எடையும் குறையும், இன்னும் நழுவும். இந்தச் சறுக்கில் விழாமல் அந்தக் கால் நொடியைக் கடப்பதற்குத்தான் மற்ற எல்லாச் சாமான்களும்.

அவற்றில் மிகப் பழையது தடுப்புக் கம்பி. அச்சுக்குக் கீழே, வில்லோடு சேர்த்துக் கட்டிய ஒரு பெட்டிக்கம்பி, முன்னால் நீண்டு, வில்லின் முன்கண்ணுக்கு நேர்க்கீழே ஒரு ரப்பர் கட்டையோடு முடியும். சாதாரணமாக ஓட்டும்போது ரப்பருக்கும் வில்லுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அச்சு முறுக்கிக்கொள்ளும்போது கம்பியின் முன்முனை மேலே ஏறி முன்கண்ணை முட்டும். முட்டியதும் பட்டை அலையாக வளைவது நின்றுவிடும். முறுக்கு நேரடியாக உடலை மேலே தள்ளும் விசையாக மாறும், அதன் எதிர்வினை அச்சைச் சாலைக்குள் அமுக்கும். ஷெல்பி என்ற அமெரிக்கக் கார் தயாரிப்பாளர் 1965இல் மஸ்டாங்கை எடுத்து ஜி.டி. 350 ஆக்கியபோது முதலில் அச்சுக்கு மேலே செல்லும் கம்பிகளைப் போட்டார், பிறகு கீழே போகும் கம்பிக்கு மாறினார். எஸ்கார்டின் வேகமான வகைகளில் தொழிற்சாலையே பிடிகம்பி போட்டு அனுப்பியது. 1970இல் இலண்டனிலிருந்து மெக்சிகோ வரை நடந்த உலகக் கோப்பை ரேலியை ஹன்னு மிக்கோலாவும் குன்னர் பாமும் வென்றது பட்டைவில் எஸ்கார்டில்தான். மோரிஸ் மைனரின் எஞ்சினைக் கொஞ்சம் சூடேற்றுகிறவர்கள் முதலில் வாங்கும் பொருளும் இந்தக் கம்பிதான். கவனித்தீர்களா, இவை எல்லாமே செய்வது ஒன்றுதான். வில்லின் இரண்டாவது வேலையைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுக்கின்றன. ஹென்றி ஃபோர்டு 1908இல் பிரித்து வைத்திருந்ததை, சிக்கனத்துக்காகச் சேர்த்துவிட்டு, மறுபடி காசு கொடுத்துப் பிரிக்கிறோம்.

கிரைஸ்லர் பொறியாளர்கள் மட்டும் வேறு வழியில் யோசித்தார்கள். கம்பி எதுவும் தொங்கவிடவில்லை. அச்சை வில்லின் நடுவில் வைக்காமல் முன்னால் தள்ளி வைத்தார்கள். ஒரு தென்னை ஈர்க்கைப் பாதியாக ஒடித்து நுனியில் ஒரே சுமையை வைத்தால், முழு ஈர்க்கு வளைந்ததில் எட்டில் ஒரு பங்குதான் வளையும். குட்டையான முன்பாதி அப்படித்தான் விறைத்து, வில் என்பதை மறந்து பிடிகை மாதிரி நடந்துகொள்ளும். நீண்ட பின்பாதி வில்லாகவே இருந்து மெத்தென்று சுமக்கும். ஒரே பட்டைக்குள்ளேயே வேலையைப் பிரித்துவிட்டார்கள். இதோடு, டிஃபரன்ஷியலின் மூக்குக்கு மேலே ஒரு ரப்பர் முட்டுக்கட்டை. மூக்கு ஏறினால் அதில் மோதி நிற்கும். பந்தயத்துக்கென்று அவர்கள் விற்ற பட்டைவில் ஜோடியில் இன்னொரு விநோதமும் இருந்தது. இடது வில்லும் வலது வில்லும் ஒன்றல்ல. வலது பக்கம் வலுக்கூடியது.

அதற்குக் காரணம் டிரைவ் ஷாஃப்ட். கையில் டிரில் பிடித்துச் சுவரில் துளை போடும்போது முனை மாட்டிக்கொண்டால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்கிறதல்லவா? அதே கதை. பின்னாலிருந்து பார்த்தால் ஷாஃப்ட் இடஞ்சுழியாகச் சுற்றி அச்சையும் அதே திசையில் உருட்டப் பார்க்கும். இடது சக்கரம் தரையில் அமுங்கும், வலது சக்கரம் லேசாகும். உடல் எதிர்ப்பக்கம் உருளும், இடது முன்மூலை தூக்கும். அமெரிக்கப் பந்தயப் படங்களில் கார் ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். உடல் உருள்வதில் ஒரு பங்கை முன்பக்க வில்கள் தாங்கும், அந்த அளவுக்குத்தான் பின்சக்கரங்களில் எடை ஏறி இறங்கும். நம் காரில் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு தாங்குகிறது என்று வைத்தால், வலது பின்சக்கரத்திலிருந்து 32 கிலோ இறங்கி இடதில் ஏறும். இடைவெளி 64 கிலோ. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சமமாகத்தான் முறுக்கைக் கொடுக்கும். எனவே இளைத்த சக்கரம் நழுவும் இடத்திலேயே மற்றதும் நின்றுவிடும். முன்பு சொன்ன ரப்பரின் வம்பும் இங்கே சேர்ந்துகொள்ளும். ஒற்றைக் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போன பழைய காரின் தடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அது வலது சக்கரத்தினுடையதாகத்தான் இருக்கும்.

இதில் மலேசியாவுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம். நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். தனியாக ஓட்டும்போது நம் எடையில் ஒரு பங்கு இளைத்த சக்கரத்தின்மேலேயே இருக்கிறது. இடப்பக்கம் உட்காரும் அமெரிக்காக்காரர்கள் இதை ஈடுகட்ட பேட்டரியைக் கொண்டுபோய் டிக்கியின் வலது மூலையில் வைக்கிறார்கள். தோட்டத்துச் சாப்பாட்டில் வளர்ந்த கனத்த ஓட்டுநர் பந்தயத்துக்கு ஆகாது என்று யார் சொன்னது?

சரி, செமோரில் ஒருவர் தன் அப்பா காலத்து டத்சுன் 1200ஐ வைத்திருக்கிறார் என்று வையுங்கள். 1171 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு, அதே ஏ வரிசையின் 1488 சிசியைப் பூட்டியிருக்கிறார் (இதற்கு வாகனச் சோதனையும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவும் வேண்டும், அதை முடித்துவிட்டார் என்றே வைப்போம்). வண்டி 700 கிலோ சுமார். கிளம்பும்போது அடித்துக்கொள்கிறது. அவர் உடனே தடுப்புக் கம்பி தேடிக் கைப்பேசியைத் தடவ வேண்டாம். முதலில் வண்டியைத் தூக்கி, வில்லின் முன்கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைக் கடப்பாரையால் நெம்பிப் பார்க்க வேண்டும். ஐம்பது வருட ரப்பர் பெரும்பாலும் வெல்லப்பாகு மாதிரி இருக்கும். அச்சு முன்னும் பின்னும் நகர்ந்தால் மேலே எதைப் பூட்டினாலும் பயனில்லை. பிறகு ஷாக்.

அடுத்தது, வண்டி தாழ்வாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு டத்சுன் என்றால் தரையோடு ஒட்டிப் போக வேண்டும். சுலபமான வழி, வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே ஓர் அலுமினியக் கட்டையைச் செருகுவது. கட்டை இரண்டு அங்குலம் என்றால் அச்சு வில்லிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப்போய்விட்டது.  அழகுக்காகச் செருகியது அச்சின் ஆட்டத்தைக் கூட்டலாம். தாழ்த்தியே தீர வேண்டும் என்றால், ஸ்பிரிங் பட்டறையில் பட்டையின் வளைவையே குறைத்து வாங்கிவருவது நல்லது.

இதற்கும் அடங்கவில்லை என்றால், செலவு இல்லாத கிரைஸ்லர் வைத்தியம். முன்பாதியில் பட்டைகளைச் சேர்த்துக் கவ்வும் கிளிப்புகளை இன்னும் ஒன்றிரண்டு கூட்டி இறுக்க வேண்டும், பின்பாதியின் கிளிப்புகளைத் தளர்த்த வேண்டும். நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தைக் கவ்வினோமே, அதேதான். முன்பாதி ஒரே துண்டாக விறைக்கும், பின்பாதி வழுக்கி வழிவிடும். பட்டைகளுக்கு நடுவே பூசிய கிரீஸையும் துடைத்துவிடலாம், பயணம் கொஞ்சம் முரடாகும், அவ்வளவுதான். தடுப்புக் கம்பி இதற்கெல்லாம் பிறகு. கம்பி போட்டால் ரப்பர் கட்டை சரியாக முன்கண்ணுக்குக் கீழே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சாண் பின்னால் போனால் அது முதன்மைப் பட்டையின் நடுவயிற்றில் குத்தும், பட்டை அங்கே ஒடியும். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் இடைவெளியைக் கொஞ்சம் மாற்றி, வலது கட்டை முதலில் முட்டும்படி வைத்தால் இளைத்த சக்கரம் முந்திக்கொண்டு அமுங்கும்.

டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களை வெல்டு அடித்து இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடுவது இளவட்டங்களின் குறுக்குவழி. நேர்க்கோட்டில் அது வேலை செய்யும். ஈப்போவின் வட்டச் சாலைச் சந்திப்பில் திரும்பும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்ற முடியாமல் ஒன்று கீச்சிட்டு இழுபடும், மழையில் பின்பக்கம் தானாகவே வழுக்கிப் போகும். தினசரி ஓட்டும் காரில் அதைச் செய்கிறவர்களோடு நான் பயணம் போவதில்லை. இரண்டு சக்கரத்தையும் முழுதாகப் பூட்டாமல் அளவோடு இழுத்துப் பிடிக்கும் எல்எஸ்டி கிடைத்தால் அது வேறு விஷயம்.

டயரின் நழுவலையும் மறக்கக் கூடாது. பிடி உச்சத்தில் இருப்பது டயர் துளியும் நழுவாதபோது அல்ல, பத்து முதல் இருபது சதவீதம்வரை நழுவும்போது. அதாவது வண்டி 10 மீட்டர் போகும்போது டயரின் சுற்று 11 அல்லது 12 மீட்டருக்குச் சுழன்றிருக்க வேண்டும். அந்த அளவைத் தாண்டினால் பிடி குறையத் தொடங்கும், குதிப்பும் அங்கேதான் பிறக்கிறது. கிளட்ச்சைத் 'டக்'கென்று விடாமல் அரை நொடி இழுத்து விடுகிற கால், ஆயிரம் வெள்ளிச் சாமானைவிட இதில் அதிகம் சாதிக்கும்.

எல்லாம் முடிந்ததும் 'யு' போல்ட்டுகளை இறுக்க வேண்டும். காரைத் தரையில் இறக்கி, வில்லின்மேல் முழு எடையும் ஏறிய பிறகு இறுக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது அல்ல. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. புதிதாகக் கட்டிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து போல்ட் இளகியிருக்கும். இளகிய போல்ட்டோடு கிளட்ச்சை விட்டால் எல்லா முறுக்கும் அந்த நடு ஆணியின் தலைக்குப் போகும். ஒரு சுண்டுவிரல் அளவே இருக்கும் ஆணி அது.